கீழ்த்தளக் குளியலறைக்கு எந்தக் கல்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இரண்டு பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று போன வாரம் உன் குரலிலேயே தெரிந்துகொண்டேன். இங்கே நானும் அப்பாவும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நேரத்துக்கு ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். அன்றைக்குத் தொலைபேசியில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, உங்களுக்காகக் கட்டுற கீழ் பாத்ரூமுக்கு வாஷ்பேசின் மேடை போடணும், நீதான் கெமிஸ்ட்ரி டீச்சராச்சே, கல்லுலயே நல்ல கல்லு எதுன்னு சொல்லு" என்றாய். நான் யோசித்து எழுதுகிறேன் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். ஒரு கல்லுக்குக் கடிதமா என்று உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். அப்பா அப்போது என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் காதுபட அதற்கு முழுப் பதில் சொல்ல அன்றைக்கு எனக்கு அனுமதி இல்லை. இப்போது அவரே எழுதச் சொல்லிவிட்டார். கல்லை வெட்டக் கொடுக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்றாயே, கடிதம் வந்து சேர அது போதும்.

பள்ளி ஆய்வகத்தில் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் இதே மாதிரிதான் கேட்பார்கள், எந்தக் குப்பி நல்ல குப்பி டீச்சர் என்று. எதை ஊற்றப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும் கரைசலுக்குப் பழுப்புக் குப்பி வேண்டும். காரத்தைக் கொண்டுபோய்க் கண்ணாடி மூடி போட்ட அழகான குப்பியில் ஊற்றி வைத்தால் நாலு மாதத்தில் மூடி இறுகி, உடைத்தால்தான் திறக்கும் என்றாகிவிடும், அதற்கு ரப்பர் மூடிதான் சரி. குப்பியின் மேல் குற்றம் இல்லை. இத்தனை வருடம் இதைப் பாடமாகச் சொல்லிக் கொடுத்த நானே கல் விஷயத்தில் கோட்டை விட்டேன், அதைத்தான் உனக்கு எழுதப்போகிறேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாலும் பரவாயில்லை, கல்லைச் சரியாக எடுத்தால் போதும்.

போன வருடம் நம் வீட்டுப் பழைய வாஷ்பேசினுக்குக் கீழே இருந்த மர அலமாரி ஊறிப்போய்க் கதவு கையோடு வந்தது உனக்கு நினைவிருக்கும், படம் அனுப்பினேன். அதை எடுத்துவிட்டுக் கல் மேடை போடுவது என்று முடிவு செய்து நானும் அப்பாவும் கல் கடைக்குப் போனோம். அங்கே அடுக்கி வைத்திருந்த பலகைகளைப் பார்த்தால் புடவைக் கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. கடைக்காரர் ஒவ்வொன்றையும் தட்டிக் காட்டி "இது ராஜா வீட்டுக் கல்லும்மா" என்றார். எத்தனை ராஜாங்க இருக்காங்க உங்க ஊர்ல என்று அப்பா கேட்டுவிட்டார். பேச்சை நம்பி வாங்கக்கூடாது என்று புத்தக அளவில் ஐந்து மாதிரித் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தேன். வெள்ளை மார்பிள், பொடிப் பொடியாய்ப் பழுப்புப் புள்ளி போட்ட கிரானைட், பளபளவென்ற கறுப்பு கிரானைட், வெள்ளை குவார்ட்ஸ், பளபளப்பே இல்லாமல் மங்கலாக இருந்த சாம்பல் குவார்ட்ஸ். குவார்ட்ஸ் என்பது தனியாக வெட்டி எடுத்த கல் இல்லை, கல்பொடியைப் பிசினோடு சேர்த்து அழுத்திப் பலகையாக்கியது. ஐந்துக்கும் முதுகில் காகிதம் ஒட்டி வரிசை எண் போட்டேன். சாப்பாட்டு மேஜை ஒரு வாரத்துக்குத் தேர்வுக்கூடம். எலுமிச்சைச் சாறு ஒரு பாடம், தலைச் சாயம் ஒரு பாடம், தேநீர் ஒன்று, காயத்துக்குப் போடும் அயோடின் ஒன்று, வெறும் தண்ணீர் ஒன்று, பாடத்துக்கு இருபது மதிப்பெண். அப்பா தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டபடி "என்ன டீச்சரம்மா, பிட்டு கிட்டு அடிக்கிறாங்களா, நான் வேணா பறக்கும் படையா வரட்டுமா" என்று கேலி செய்துகொண்டிருந்தார்.

மார்பிள் முதல் பாடத்திலேயே விழுந்தது. அது அடிப்படையில் சுண்ணாம்பு இனம், புளிப்பு பட்டால் பொங்கும், எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் பளபளப்பு போய் விரல் ரேகை மாதிரி மங்கலாக ஒரு தழும்பு நின்றுவிட்டது. புள்ளி கிரானைட் புளிப்புக்கு அசையவில்லை, ஆனால் தண்ணீர்ச் சொட்டைக் கால் மணி நேரத்தில் குடித்து அந்த இடம் கறுத்தது. வெள்ளை குவார்ட்ஸில் தலைச் சாயம் போகவே இல்லை. சாம்பலில் லேசாக நிழல் மாதிரி நின்றது, தேய்த்ததில் முக்கால்வாசி போயிற்று. கறுப்பு மட்டும் எதை ஊற்றினாலும் துடைத்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி என்னைப் பார்த்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. நான் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். அடுத்த வாரம் மேஸ்திரி வந்து கறுப்புக் கல் மேடையைப் பதித்தார். துடைத்து முடித்தபோது முகம் பார்த்துத் தலை வாரலாம் போல இருந்தது. எங்களைப் பார்க்க வந்த உன் அத்தை கூட, ஆமாம், எதையும் பாராட்டிப் பழக்கமில்லாத அத்தைதான், அவரே ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு "ஹோட்டல் மாதிரி இருக்குடி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் அப்பாவைத் திட்டியதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. கண்ணாடி டம்ளரைத் தட்டி உடைத்தார், ஒன்றல்ல, மூன்று. மேடை மேல் தேங்கிய தண்ணீரில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். கறுப்புச் சீப்பு காணோம், தூரத்துக்குப் போடும் கறுப்புச் சட்ட மூக்குக் கண்ணாடி காணோம் என்று தினமும் தேடல், நான் போய்ப் பார்த்தால் அவர் கைக்கு ஒரு சாண் தள்ளி அங்கேயே இருக்கும். "கண்ணு முன்னாடி இருக்கறதைத் தேடறீங்களே, கவனம் எங்க இருக்கு" என்பேன். "கவனமெல்லாம் உன் மேலதான்" என்று சிரித்து மழுப்பிவிடுவார். மேடை ஓரத்தில் இடுப்பை இடித்துக்கொண்டு வலியை மறைத்ததும் உண்டு. பிறகு வீட்டில் சவரம் செய்வதையே நிறுத்திவிட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் சலூனுக்குப் போக ஆரம்பித்தார். ஓய்வு பெற்ற மனிதர், நாலு பேரோடு பேச்சுத் துணைக்குப் போகிறார் என்று நினைத்தேன். நாளிதழில் அடிவரியில் இருக்கும் பொடி எழுத்தைக் கண்ணாடி போடாமலே படிக்கிறவர் மேல் யாருக்குச் சந்தேகம் வரும், சொல். முப்பத்து நாலு வருடம் ரயில் ஓட்டியவர், ஒவ்வொரு கண் சோதனையிலும் தேறியவர், அந்தச் சான்றிதழ்களை உன் பிறப்புச் சான்றிதழோடு ஒரே உறையில் வைத்திருக்கிறார்.

என்னிடம் சொன்னது சலூன்காரர். காய்கறி வாங்கிக்கொண்டு அவர் கடை வழியாக வந்தவளை நிறுத்தி, கத்தரிக்கோலைக் கூடக் கீழே வைக்காமல், "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க, சாரை ஒரு தடவை கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றார். அப்பா உட்கார வரும்போது நாற்காலிக் கையைத் தடவித்தான் உட்காருகிறாராம். பக்கத்தில் நீட்டிய துண்டைக் கவனிக்கவில்லையாம், நேரே முகத்துக்கு முன்னால் நீட்டினால் உடனே வாங்குகிறாராம். "என்கிட்டயே கேட்டாரு டீச்சர், உன் மேடைல வெள்ளைத் துணி விரிச்சிருக்கியே, அது எதுக்குன்னு. சாமானெல்லாம் பளிச்சுன்னு தெரியும் சார்னேன். நல்ல யோசனைப்பான்னு சொல்லிட்டு அந்தத் துணியைத் தடவிப் பாத்தாரு" என்றார். நான் வீட்டுக்கு வந்து கேட்டதும் அப்பாவுக்குக் கோபம் வந்ததே பார்க்க வேண்டும். "ஒரு மைல் தூரத்துல சிவப்பா பச்சையான்னு சொன்ன கண்ணு இது, சலூன்காரன் சர்ட்டிபிகேட் குடுக்கணுமா எனக்கு" என்றார். நான் விடவில்லை. எனக்குச் சுவர்க் கடிகாரம் சரியாகத் தெரியவில்லை, துணைக்கு வாருங்கள் என்று பொய் சொல்லித்தான் அழைத்துப் போனேன்.

கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடிவிடும் நோய் என்றார் டாக்டர். வலி இருக்காது, எழுத்து மங்காது, ஓரப் பார்வையை மட்டும் ஓசையில்லாமல் அரித்துக்கொண்டே வரும், நிறத்துக்கும் நிறத்துக்கும் உள்ள வித்தியாசமும் குறைந்து தெரியும், நேரே பார்ப்பது கடைசிவரை நன்றாக இருப்பதால் யாருக்கும் தெரியாது என்றார். ஒரு இயந்திரத்தில் முகவாயை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நிறைய நேரம் பொத்தான் சத்தமே வரவில்லை. வந்த படத்தில் நடுவில் மட்டும் வெளுப்பு, சுற்றிலும் கறுப்பு. அப்பா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு "சுரங்கத்துக்குள்ள வண்டி போற மாதிரி இருக்கு. சுரங்கம்னா அந்தப் பக்கம் வெளிய வந்துருவோம், இதுல டாக்டர்?" என்று கேட்டார். டாக்டர் பொய் சொல்லவில்லை. போனது போனதுதான், இரண்டு வேளை சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம், நிறைய பேருக்குக் காப்பாற்றியிருக்கிறேன் என்றார். அந்த வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன், நீயும் அதையே பிடித்துக்கொள். இந்த ஐந்து மாதத்தில் இரண்டு முறை சோதித்தாகிவிட்டது, அழுத்தம் இறங்கி நிற்கிறது, படம் மாறவில்லை.

ஆனால் அன்றைக்கு ஆட்டோவில் வரும்போதே அப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார், பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடாது, உன் வீட்டுக்கு வந்து தங்குகிற பேச்சும் இனிமேல் வேண்டாம் என்று. "கண்ணு போனவனா அங்க போய் இறங்க மாட்டேன். பேத்தி கையைப் புடிச்சு பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கா நான் அவ்வளவு தூரம் வரணும்" என்றார். நீ கீழே அறை கட்டுகிறேன் என்று ஆசையாகச் சொல்லும்போதெல்லாம் நாங்கள் இருவரும் பட்டும் படாமல் பேசியது அதனால்தான். நீ கூட ஒரு தடவை, வர இஷ்டமில்லையென்றால் சொல்லிவிடுங்கள் என்று கேட்டாய். இஷ்டம் இல்லாமல் இல்லை கண்ணு.

வீட்டுக்கு வந்ததும் என் மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஐந்து பாடமும் கல்லுக்கு வைத்திருக்கிறேன். அந்தக் கல்லுக்கு முன்னால் தினமும் நிற்கப்போகிறவருக்கு என்ன வேண்டும் என்று ஒரு பாடம்கூட வைக்கவில்லை. கறுப்பு மேடையில் கறுப்புச் சீப்பு எப்படித் தெரியும், பளபளப்பில் விளக்கு நாலு இடத்தில் மின்னும்போது கண்ணாடி டம்ளர் எது, தண்ணீர் எது என்று எனக்கே தெரியாது, அவருக்கு எப்படித் தெரியும். மறுநாள் காலையில் இன்னொன்றையும் கவனித்தேன். தேர்வு எழுதிய மாதிரித் துண்டுகளில் அந்த சாம்பல் துண்டு ஜன்னல் மேடையில் கிடந்தது. அதன் மேல் அப்பாவின் மூக்குக் கண்ணாடி, கடிகாரம், மாத்திரை அட்டை, மூன்றும் வரிசையாக இருந்தன. இத்தனை பெரிய மேஜை இருக்க அந்தச் சில்லு மேலேயே ஏன் எல்லாவற்றையும் வைக்கிறீர்கள் என்று அதற்கும் பல நாள் சத்தம் போட்டிருக்கிறேன். அங்கே வைத்தால் தேடாமல் எடுக்க முடிகிறது என்று அவர் கை கண்டுபிடித்திருக்கிறது, அதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் பட்டியலில் அது மூன்றாம் இடம்.

அன்றே மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு கீறல் இல்லாத கல்லை எடுக்கச் சொல்றீங்களேம்மா, நான் பதிச்சதுல ஏதாச்சும் குத்தமா" என்றார். அப்பா நாற்காலியில் இருந்தபடியே "கல்லு பாஸ் மேஸ்திரி, நான்தான் ஃபெயிலு" என்றார். நீங்களும் இல்லை, கல்லும் இல்லை, கேள்வித்தாள் தயாரித்தவள்தான் ஃபெயில் என்றேன். மேஸ்திரி ஒன்றும் புரியாமல் உளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கறுப்புக் கல் இப்போது மாடியில் பூந்தொட்டிகளைத் தாங்கிக்கொண்டு கம்பீரமாக இருக்கிறது, அதற்குச் சரியான வேலை கிடைத்துவிட்டது. சாம்பல் மேடை வந்து நாலாம் நாள் காலை குளியலறையில் வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம். நான் கதவைத் தட்டப் போய், தட்டாமல் திரும்பி வந்து கூடத்தில் நின்றேன். அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சவரம் செய்த முகத்தோடு வந்தார். இடது காதுக்குக் கீழே ஒரு விரல்கடை விட்டுப்போயிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, குறை ஒன்று கண்ணில் பட்டும் நான் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் நீ கல்லைப் பற்றிக் கேட்டாயே, அதற்கு மறுநாள் காலை தேநீரை முடித்துவிட்டு அவரே ஆரம்பித்தார். "புள்ளைக்கு எழுதிப் போடு. கண்ணு விஷயத்தைத் தனியா எழுதாத, கல்லு விஷயத்தோட சேத்து எழுது. அந்த மாதிரி மேடை போட்டான்னா வரேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து "அழுதுகிட்டு ஃபோன் பண்ணா நான் எடுக்க மாட்டேன். கல்லு முடிவாயிடுச்சுப்பான்னு சொன்னா எடுக்கறேன்" என்றும் சேர்த்துக்கொண்டார். அதனால் அழுவதென்றால் இப்போதே அழுது முடித்துவிட்டு மேலே படி.

நீ அனுப்பிய இரண்டு படத்தையும் பார்த்தேன். தங்க ரேகை ஓடுகிற கறுப்பு உனக்குப் பிடித்தது, வெள்ளை மார்பிள் மாப்பிள்ளைக்குப் பிடித்தது. இரண்டும் அழகுதான், மேலே உங்கள் குளியலறையில் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், நடுவில் நான் வரவில்லை. கீழே இரண்டும் வேண்டாம். கறுப்பின் கதையைத்தான் இவ்வளவு நேரம் எழுதினேன். வெள்ளையிலும் அதே கதை தலைகீழாக நடக்கும், வாஷ்பேசின் வெள்ளை, சோப்பு வெள்ளை, மாத்திரை வெள்ளை, மேடையும் வெள்ளை என்றால் எல்லாம் பாலில் போட்ட மாதிரி கரைந்துவிடும். போதாததற்கு குளியலறை கழுவும் திரவம் ஒரு சொட்டு பட்டால் மார்பிள் முகம் செத்துப்போகும். ரேகையும் புள்ளியும் உள்ள கல்லில் கீழே விழுந்த மாத்திரையைத் தேட என்னாலேயே முடியாது. நடுத்தரமான நிறமாக, சாம்பலோ ஈர மணல் நிறமோ, ஒரே நிறமாகப் பார். பளபளப்பு வேண்டாம், மங்கலான மேற்பரப்பு கேள். தரை மேடையின் நிறத்திலேயே இருக்கக்கூடாது, விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும். விளிம்பையும் மூலையையும் உருட்டித் தரச் சொல், இடித்தாலும் காயம் படாது. விளக்கைத் தலைக்கு மேலே ஒன்றாகத் தொங்கவிடாமல் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் வை. குவார்ட்ஸ் எடுத்தால் பெரியவள் தலைமுடியை நேராக்கும் அந்தச் சூட்டுக் கருவியை அதன் மேல் வைக்கக்கூடாது, பிசின் சூடு தாங்காது. கிரானைட்தான் அங்கே சுலபமாகக் கிடைக்கிறது என்றால் அதுவும் சரி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு கால் மணி பொறுத்துப் பார், கறுத்தால் மேலே காப்புப் பூச்சு பூசித் தரச் சொல்ல வேண்டும்.

உன் தம்பிக்கும் இதே செய்தியை எழுதுகிறேன், அவனுக்குக் கல் கட்டாத வெறும் கடிதம்தான், அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். நீயும் கண் டாக்டரிடம் ஒரு முறை போய் அழுத்தம் பார்த்துவிடு, இது குடும்பத்தில் வரக்கூடியது என்றார் டாக்டர், ஆரம்பத்தில் தெரிந்துகொண்டால் பயமே இல்லை என்றும் சொன்னார். அப்பாவின் சொட்டு மருந்துக்குக் காலை ஆறு, மாலை ஆறு என்று நேரம் குறித்திருக்கிறேன், வண்டி நேரம் தவறாத மனிதர், நான் நினைவுபடுத்துவதற்கு முன்னாலேயே முகத்தை அண்ணாந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூன்று மாதத்தில் வந்துவிடுவோம். யாரும் அவர் கையைப் பிடிக்க வேண்டியிருக்காது, நான் பொறுப்பு.

உங்கள் நால்வருக்கும் எங்கள் இருவரின் ஆசிகள். வீடு கட்டும் அலைச்சலில் சாப்பிடாமல் இருக்காதே.

கல்லை வெட்டக் கொடுப்பதற்கு முன் ஒரு காரியம் மட்டும் செய். கடையிலிருந்து மாதிரித் துண்டுகளை வாங்கி வந்து அந்தக் குளியலறையிலேயே வை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு சீப்பு, ஒரு வெள்ளை மாத்திரை வை. சாயங்காலம் விளக்கைப் போடாமல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு கண்ணில் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளையும் தடவாமல் எடுத்துப் பார். எந்தக் கல்லின் மேல் மூன்றும் முதல் நீட்டலிலேயே உன் கைக்கு வருகிறதோ, அதை வெட்டச் சொல்.

அன்புடன்,
அம்மா